எந்த மர்ம நாவலை யாருக்குக் கொடுப்பது

என் கணவரை மதுரைக்கு அந்தப் பக்கம் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிய மறுநாள் காலை, என் மாமனார் ஊரிலிருந்து வந்து இறங்கினார். தோளில் துண்டு, கக்கத்தில் மடித்த சாக்குகள். கடையில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் அள்ளிப் பழைய பேப்பர் வாங்குகிறவனிடம் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டே வந்திருந்தார்.

கடை என்று நான் சொல்வது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதில் என் கணவர் வாடகைக்குப் புத்தகம் விட்டுக்கொண்டிருந்தார். துப்பறியும் நாவல்கள், பேய்க் கதைகள், கொள்ளைக்கூட்டக் கதைகள். அவை மட்டும்தான். பக்திப் புத்தகமோ குடும்பக் கதையோ கேட்டு வருகிறவர்களை அவர் சிரித்துக்கொண்டே நூலகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார். அறுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் சினிமாவை விட்டால் பொழுதுபோக்க வேறு வழி அதிகம் இல்லை. கண்டக்டர்கள், தோல் பதனிடும் ஷாப் குமாஸ்தாக்கள், காலேஜ் பிள்ளைகள், பூட்டுப் பட்டறைக்காரர்கள் என்று கடையில் எந்நேரமும் இரண்டு பேர் நிற்பார்கள்.

"வா ஆத்தா, கடையைத் தொற" என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா?"

"பூராத்தையும் எடைக்குப் போட்டுட்டு ஊருக்குப் போவோம். கத்திரிக்கா பறிக்க ஆளில்ல. அவன் வந்தா வரட்டும், பொறகு பாத்துக்கலாம்."

வந்தால் வரட்டும் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அந்த நோயில் போனவர்கள் பலர் திரும்பவில்லை, அதைப் பார்த்துப் பழகிய வாய் அது. ஆனாலும் எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை.

"அவுக வரும்போது கடை இருக்கணும் மாமா" என்றேன்.

"யாரு நடத்துவா?"

"நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏ புள்ள, இந்தப் பொஸ்தகத்துல ஒண்ணாவது நீ படிச்சிருக்கியா?"

படித்ததில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். அர்ச்சிஷ்டவர்கள் சரித்திரம், அதாவது புனிதர்களின் கதைகள், படித்திருக்கிறேன். கொலை, ரத்தம், ஆவி என்று அட்டையில் படம் போட்ட புத்தகத்தைக் கையால் தொட்டால் அன்றைக்கு ஜெபமாலையைக் கூடுதலாக ஒரு சுற்று உருட்டுகிற ஆள். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. "படிச்சாப் போச்சு" என்றேன்.

கக்கத்தில் நழுவிய சாக்குகளைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல பேச்சில்ல" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கடையைத் திறந்தேன். முதலில் வந்தது வத்தலக்குண்டு பஸ்ஸின் கண்டக்டர். ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார். பிறகு, "தங்கச்சி, நல்லதா ஒண்ணு எடுத்துக் குடும்மா, வண்டி கெளம்பப் போகுது" என்றார். எது நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்? அட்டை கிழியாமல் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் வந்து மேஜைமேல் வைத்தார்.

"கொலை பண்ணது யாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சும்மா. அண்ணே இருந்தா எனக்கு இதைக் குடுத்திருக்க மாட்டாரு."

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. ஆனால் வேறு புத்தகம் எடுக்காமல் போய்விட்டார். அந்த வாரம் இன்னும் சிலர் அதே மாதிரி வந்து, "அண்ணே எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள். அவர்கள் புத்தகத்துக்காக மட்டும் வரவில்லை, 'இதைப் படிங்க' என்று ஒருவர் நம்பிக்கையாக எடுத்துக் கொடுப்பதற்காகவும் வந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தில் நான் உட்கார வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. கடையில் இருந்த அத்தனையையும் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் படித்தது ஒரு ஜமீன் பங்களாக் கொலை. பெரியவர் ஒருவர் இறந்து கிடக்கிறார். வீட்டில் இருக்கும் எல்லாருக்குமே அவரைக் கொல்லக் காரணம் இருக்கிறது. கொலையைப் படித்து மனிதர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். பாதியில் சமையற்காரன்மேல் சந்தேகம் வந்தது. பிறகு மருமகன்மேல். அடுப்பில் சோறு தீய்ந்த வாடை வந்தபோதுதான் நிமிர்ந்தேன். அன்றைக்குத் தீய்ந்த சோற்றைத் தின்றுகொண்டே மீதியை முடித்தேன். கொலைகாரன் நான் நினைத்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேய்க் கதைகள்தான் பெரும்பாடு. பகலில் மட்டும், அதுவும் கடையில் உட்கார்ந்து, பஸ் ஹாரன் சத்தமும் முறுக்கு விற்கிறவர்களின் கூப்பாடும் காதில் விழும்போது மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். அப்படியிருந்தும் ஒரு நாவல் என்னை உலுக்கிவிட்டது. அதில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் தினமும் காலையில் ஈரக் காலடித் தடம் இருக்கும். கிணற்றிலிருந்து வீட்டை நோக்கி வரும் தடம். திரும்பிப் போகிற தடம் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போகாமல், தெருக் குழாயில் வரிசையில் நின்று உப்பு கரிக்கிற தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மதியம் அதே புத்தகத்தை எடுத்தேன். முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு வெயிலில் உட்கார்ந்து படித்தேன். கடைசியில் பேய் வந்தது. வந்ததும் பயம் போய்விட்டது! நீளமான கூந்தல், வெள்ளைச் சேலை, எல்லாரும் சொல்வதுதான். பேய் வருகிற வரைக்கும்தான் பயம், பேயைச் சீக்கிரம் காட்டிவிடுகிற ஆசிரியர் கெட்டிக்காரர் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. இன்றும் யாராவது நல்ல பேய்க் கதை சொல்லுங்கள் என்று கேட்டால், பேய் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புரட்டிப் பாருங்கள், முன்னாலேயே வந்துவிட்டால் வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

படிக்கப் படிக்கப் புத்தகங்களைப் பலகைகளில் மாற்றி அடுக்கினேன். யார் செய்தது என்று மூளையைக் கசக்க விரும்புகிறவர்களுக்கு மேல் பலகை. அதில் கொலைகாரன் முதல் சில அத்தியாயங்களுக்குள் நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கடைசியில் எங்கிருந்தோ ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிற புத்தகத்துக்கு அந்தப் பலகையில் இடமில்லை. துரத்தலும் தப்பித்தலுமாக ஓடுகிற கதைகளுக்கு நடுப் பலகை. கண்டக்டர்களுக்கு அதுதான் சரி. டிக்கெட் கொடுக்க எழுந்துபோய்விட்டு வந்து படித்தாலும் விட்ட இடம் மறக்காது. பேய் பிசாசுகளுக்குக் கீழ்ப் பலகை. பூட்டுப் பட்டறைக்காரர்களுக்குப் பூட்டிய அறைக்குள் நடந்த கொலைக் கதையைக் கொடுக்கவே கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். கதையை விட்டுவிட்டு, அது என்ன பூட்டு, உள்ளே எத்தனை லீவர் என்று சண்டைக்கு வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவேன். அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதற்கு முன்னாலும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. "சாப்பிட வாரீகளா?" "வாரேன்." "கடைக்குப் போறீகளா?" "போறேன்." அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல், அந்த வாரம் படித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு எல்லாக் கதையும் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடாமல் கேட்டார். நான் யாரைச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னபோது அவர் உதடு கோணியது. எத்தனையோ வாரம் கழித்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு மதராஸிலிருந்து புதுப் புத்தகக் கட்டு வந்தது. அவர் படிக்காத கதைகள். அதில் ஒன்றைப் பாதி சொல்லிவிட்டு எழுந்தேன்.

"மிச்சம்?" என்றார் மெல்ல.

"அடுத்த வாரம்."

"இது அநியாயம்."

"நீங்க சாப்பாட்டைத் திருப்பி அனுப்புறீகளாம். நர்ஸம்மா சொன்னாக. அது மட்டும் நியாயமா?" என்றேன். "ஒழுங்காச் சாப்பிட்டாத்தான் கொலைகாரன் யாருன்னு சொல்லுவேன்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு நான் போனபோது நர்ஸ் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னக்கா பண்ணிட்டுப் போனீங்க? தட்டைக் கழுவாத குறையாத் திங்கிறாரு." அன்றைக்கு மிச்சக் கதையைச் சொன்னேன். இன்னொரு கதையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

கடைக்குப் பழைய ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் போலீஸ் ஏட்டு ஒருவர் உடுப்போடு வந்து நின்றார். இந்த மாதிரிப் புத்தகங்களைத் தடை செய்துவிட்டார்களோ என்று பயந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எல்லாத்துலயும் போலீஸ்காரனைத்தான் முட்டாளாக் காட்டுறானுக. துப்பறியிறவன் கோட்டு மாட்டிக்கிட்டு வந்து எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுறான். அப்படி இல்லாம ஒண்ணு இருந்தாக் குடு."

தேடிப் பார்த்து ஒன்றைக் கொடுத்தேன். அதில் இன்ஸ்பெக்டர் பாதிவரை புத்திசாலியாக இருப்பார். ஏட்டு அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கடைசியில இவனும் கோட்டை விட்டுட்டானே" என்று பெருமூச்சு விட்டார். ஆனாலும் விடாமல் வந்துகொண்டிருந்தார்.

பெண்கள் பஸ் ஸ்டாண்டுச் சந்துக்கு வர மாட்டார்கள். அதனால் சாயங்காலம் கடை சாத்தும்போது சில புத்தகங்களைப் பையில் போட்டு எங்கள் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். முதலில் ஒரு டீச்சர் வாங்கினார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு புதுப்பெண் இருந்தாள், அப்போது ஆறு மாதக் கர்ப்பம். "அக்கா, நல்லாப் பயமா ஒண்ணு குடுங்க" என்று அவளாகக் கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டாம் என்று முதலில் மறுத்தேன். அவள் விடவில்லை. கீழ்ப் பலகையில் இருந்ததிலேயே சாதுவான பேய்க் கதையைக் கொடுத்தேன். அதில் வருகிற பேயைப் பார்த்தால் பரிதாபம்தான் வரும்.

இரண்டொரு நாளில் அவளுடைய மாமியார் கடைக்கே வந்துவிட்டார். வரிசையாகக் கண்டக்டர்கள் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் புத்தகத்தை என் மேஜைமேல் வீசினார்.

"எம் மருமக பேயடிச்சுக் கெடக்கா. கெணத்தடிக்குப் போக மாட்டேங்கிறா, தனியா ஒரு ரூம்புல இருக்க மாட்டேங்கிறா. பிள்ளைக்கு எதும் ஆச்சு, உன்னை இந்த ஊர்ல இருக்க விட மாட்டேன்!"

கடையை அப்படியே ஒரு கண்டக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்த அம்மாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் சுவரோரமாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். மாமியார் மருமகளுக்குக் காபி போட உள்ளே போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பப் பயந்துட்டியா தாயி?" என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். கை சூடாகவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீக. பயமெல்லாம் ஒண்ணுமில்ல. எங்கம்மாகிட்டப் போகணும்னு மாசக்கணக்காக் கேக்குறேன். இங்கயே பெத்துக்கன்னு சொல்றாக. பயமா இருக்குன்னு சொன்னாலாவது அனுப்புவாகளான்னு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

காபியோடு மாமியார் வரும் சத்தம் கேட்டது. நான் உண்மையைச் சொன்னால் என் கடைமேல் பழி இல்லை. அந்தப் பெண்ணோ இந்த வீட்டில் பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு, அம்மாவையும் பார்க்க முடியாமல் பிள்ளை பெற வேண்டும். யோசிக்க அதிக நேரம் இல்லை. எழுந்து நின்றேன்.

"பெரியம்மா, நீங்க சொன்னது சரிதான். பிள்ளை ரொம்பப் பயந்துபோயிருக்கு. இந்தப் புத்தகத்தை நான் குடுத்திருக்கக் கூடாது. பெத்த தாய் பக்கத்துல இருந்தாத்தான் இது தெளியும். நாளைக்கே அனுப்பி வையுங்க. வயித்துப் பிள்ளைக்கு எதும் ஆகிறதுக்கு முன்னாடி அனுப்பிருங்க."

அவர் என்னைத் திட்டினார், கேட்டுக்கொண்டேன். அந்த வாரமே அந்தப் பெண்ணைச் சிறுமலை அடிவாரத்தில் இருந்த அவள் அம்மா வீட்டுக்கு வண்டி வைத்து அனுப்பினார்கள். அங்கேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

ஆனால் தெருவில் என் பேர் கெட்டுவிட்டது. டீச்சரைத் தவிர ஒருத்தரும் புத்தகம் வாங்கவில்லை. தண்ணீர்க் குழாயில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். செய்தி ஊருக்கும் போய்ச் சேர்ந்து, பொங்கலுக்கு முன்னாலேயே மாமனார் வந்துவிட்டார். நேரே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஊரே சிரிக்குது ஆத்தா. போதும். மூடு."

"மூட மாட்டேன் மாமா."

"பிள்ளைத்தாய்ச்சியைப் பேயடிக்க வச்சிட்டு மூட மாட்டேங்கிறியே. அம்புட்டு என்னதான் இருக்கு அந்தப் பொஸ்தகத்துல?"

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. ஊருக்கு அடுத்த பஸ் கிளம்ப நேரம் இருந்தது. "கேக்குறீகளா மாமா?" என்று கேட்டேன். அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். அந்தச் சாதுவான கதையை நான் சொல்லவில்லை. ஈரக் காலடித் தடக் கதையைச் சொன்னேன். முதல் நாள் தடத்தைப் பார்த்தது, சாம்பலைத் தூவி வைத்தது, மறுநாள் தடம் வாசற்படியேறி நின்றது, அதற்கு மறுநாள் தொட்டில் வரைக்கும் வந்தது. மாமனார் வெற்றிலையை மடித்து வாயருகே வைத்தவர் அப்படியே வைத்திருந்தார். வெளியே பஸ்ஸின் ஹாரன் அடித்தது. நான் நிறுத்தினேன்.

"மாமா, உங்க வண்டி."

"போனாப் போகுது. பொறகு?"

அந்த வண்டி போய், அடுத்த வண்டியும் போனது. கதை முடிந்ததும் வெற்றிலையை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். "இது பிள்ளைத்தாய்ச்சிக்குக் குடுக்குற கதையா?" என்றார். அதில்லை, அவளுக்குக் கொடுத்தது வேறு, அது பயமே இல்லாதது என்று சொல்லி, அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தன் மகளையும் ஒரு காலத்தில் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் அடம்பிடித்ததைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொங்கலுக்குக் கடையை மூடும் பேச்சு அதன்பின் வரவே இல்லை. கத்திரிக்காய் பறிக்க ஆள் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். தோல் ஷாப் குமாஸ்தா ஒருவர் வந்து, "ஒரு பொண்ணையே பேயடிச்ச புத்தகமாமே, அது உள்ள இருக்கா?" என்று கேட்டார். அது அப்படி ஒன்றும் பயங்கரம் இல்லை, பயம்தான் வேண்டுமென்றால் இதைப் படிங்க என்று வேறொன்றை எடுத்து நீட்டினேன். கேட்கவில்லை, அதுதான் வேண்டும் என்றார். அடுத்து ஏட்டு கேட்டார். எங்கள் தெருவிலிருந்தே குழாயடியில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், என் வீட்டுக்கு வந்து முந்தானைக்குள் மறைத்து வாங்கிப் போனார்கள். படித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து, "இதுக்கா அவ பயந்தா?" என்று சப்பென்று சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு வேறு புத்தகம் கொடுத்தேன். அப்படி வந்தவர்கள் யாரும் அதோடு நின்றுவிடவில்லை. அந்த மாமியார் மட்டும் கடைசிவரை என்னோடு பேசவில்லை.

என் கணவர் குணமாகி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குத்தான் வந்தார். பழைய புத்தகத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் உள்ளே விடவில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பலகைகளை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடுக்கி வைத்திருந்த மாதிரி எதுவுமே இல்லை.

காலேஜ் பையன்கள் இருவர் வந்தார்கள். "அக்கா இல்லையா?" என்று அவரைக் கேட்டார்கள். அவர் முகம் ஒரு நொடி வாடியதை நான் உள்ளேயிருந்து பார்த்தேன்.

"என்ன வேணும், சொல்லுங்கப்பா" என்றார்.

"சஸ்பென்ஸா ஒண்ணு வேணும் சார். கடைசிவரைக்கும் தெரியக் கூடாது."

அவர் தமக்குப் பிடித்த ஒன்றின் பேரைச் சொன்னார். நான் உள்ளேயிருந்து, "அது வேண்டாம். அதுல கொலைகாரன் கடைசி அத்தியாயத்துலதான் மொதமொத வர்றான், அது மோசடி" என்றேன்.

"அதெப்படி மோசடி? எழுத்து எவ்வளவு நல்லா இருக்கு!"

"எழுத்து நல்லா இருந்தா? நாம சந்தேகப்படறதுக்கு ஆளையே காட்டாம ஒளிச்சு வச்சா அது என்ன மர்மம்?"

டாக்டர் சொன்னதை மறந்து அவர் குரலை உயர்த்தினார். நானும் விடவில்லை. பையன்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் அவர் சொன்னதையும் இன்னொருவன் நான் எடுத்துக் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டு போனான். எது நல்லது என்று வந்து சொல்லவேண்டும் என்று அவர் நாற்காலியிலிருந்தே அவர்கள் பின்னால் கத்தினார்.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் கடையை இருவரும் சேர்ந்து நடத்தினோம், அவர் வாசலிலும் நான் உள்ளேயும்.